பிடிமெழுகு: டப்பாவைப் படிக்கும் முன் பனியைப் படியுங்கள்

பனியில் போட்ட இணைத் தடத்தில் ஒவ்வொரு காலாக உதைத்து ஸ்கீயில் முன்னேறும் கிளாசிக் பாணி கிராஸ் கன்ட்ரி பந்தய நாளில், ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "இன்றைக்கு எத்தனை டிகிரி?" என்பதைத்தான். நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: "இந்தப் பனி எப்போது பெய்தது?" இளம் பந்தய வீரர்களுக்கு மெழுகு பூசிக் கொடுப்பது நெடுங்காலமாக என் வேலை. மைனஸ் 5 டிகிரியில் அபாரமாகப் பிடித்த மெழுகு, இரண்டு நாள் கழித்து அதே மைனஸ் 5 டிகிரியில் துளியும் பிடிக்காமல் போவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். வெப்பநிலை மாறவில்லை, பனிதான் மாறியிருக்கிறது. டப்பாவில் அச்சிட்ட எண் தேடலைத் தொடங்குவதற்கான இடம் மட்டுமே.

இது ஏன் என்று புரிய, பிடிமெழுகு செய்யும் வேலையை மனத்தில் கொள்ள வேண்டும். கிளாசிக் ஸ்கீயின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு காலிலும் எடை பகிர்ந்து நின்றால் அந்த நடுப்பகுதி பனியைத் தொடாது. முன்னும் பின்னும் உள்ள வழுக்குப் பகுதிகள் மட்டும் ஓடும். ஒரே காலில் முழு எடையையும் இறக்கி உதைக்கும்போது நடுப்பகுதி தடத்தில் அழுந்துகிறது. பனித்துகளின் கூர்முனைகள் மெழுகுக்குள் இறங்குகின்றன. ஸ்கீ ஒரு கணம் நிற்கிறது, நாம் முன்னே செல்கிறோம். எடை விலகியதும் அந்த முனைகள் தடையில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். மெழுகு தேவைக்கு மேல் கடினமாக இருந்தால் முனை உள்ளே இறங்காது, கால் பின்னால் வழுக்கும். தேவைக்கு மேல் மென்மையாக இருந்தால் இறங்கிய முனை வெளியே வராது. முதலில் வேகம் குறையும், பிறகு பனி ஒட்டத் தொடங்கும், கடைசியில் காலுக்கடியில் கட்டியாகவே திரண்டுவிடும். ஆகவே மெழுகின் கடினத்தைத் துகளின் கூர்மைக்கும் கடினத்துக்கும் பொருத்துவதுதான் இங்கே முழு வேலையும்.

பனியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

தடத்தின் ஓரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஸ்கீ ஓடும் தடத்துக்குள்ளிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புக் கையுறையின் மேல் தூவுங்கள். ஓரத்தில் கிடப்பது அழகான நட்சத்திரமாக இருக்கலாம். தடத்துக்குள் இருப்பதைத் தடம் போடும் இயந்திரம் அரைத்து அழுத்தியிருக்கும். பந்தயம் நடப்பது அந்த அரைபட்ட பனியின் மேல்தான்.

கையுறையில் கிளைகளும் முனைகளும் தெரிந்தால் அது புதுப் பனி. அதற்குக் கடினமான மெழுகு போதும். துகளே கூர்மையாக இருப்பதால் உள்ளே இறங்கிவிடும். கிளைகள் தேய்ந்து சிறு சிறு மணிகளாகத் தெரிந்தால் அது பெய்து ஒன்றிரண்டு நாள் ஆன பனி. அதே வெப்பநிலைக்கு ஒரு படி மென்மையான மெழுகு வேண்டும். பளபளப்பான உருண்டைகள், இடையிடையே கண்ணாடிபோல் மின்னும் துணுக்குகள் என்று இருந்தால், பனி ஒருமுறையாவது உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அங்கே டப்பா மெழுகை மறந்துவிடுங்கள். உருண்டைக்கு முனை இல்லை. உறைந்த தடம் உப்புத்தாளாக மெழுகைச் சுரண்டி எடுத்துவிடும். அது குழாயில் வரும் பிசின் போன்ற மெழுகான கிளிஸ்டருக்கான நாள்.

காற்று அடித்துக் குவித்த பனி ஏமாற்றும். நேற்றுதான் பெய்தது என்றாலும் உருண்டு வந்த வழியில் கிளைகள் உடைந்திருக்கும். அதைப் பழைய பனியாகவே கணக்கில் கொள்ளுங்கள். இயந்திரத்தால் செய்த பனிக்கு முதலிலிருந்தே கிளைகள் கிடையாது. காற்றில் பீய்ச்சிய நீர்த்துளிகள் அப்படியே உறைந்த மணிகள் அவை. கடினமானவை, மெழுகை வேகமாகத் தேய்ப்பவை. இயந்திரப் பனித் தடத்தில் பந்தயம் என்றால் அடிப்படை மெழுகான பைண்டரில் கஞ்சத்தனம் கூடாது.

அடுத்தது ஈரம். அதே பனியைக் கையுறைக்குள் அழுத்திப் பிடித்துத் திறந்து பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் குளிர்ந்த உலர்பனி. உருண்டையாகத் திரண்டு நின்றால் பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்துவிட்டீர்கள். கையுறை நனைந்தால் பனிக்குள் நீர் ஓடுகிறது. பனியின் வெப்பநிலை ஒருபோதும் பூஜ்ஜியத்தைத் தாண்டாது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று பிளஸ் 1 என்றாலும் பிளஸ் 6 என்றாலும் பனிக்குள் செருகிய வெப்பமானி பூஜ்ஜியத்தையே காட்டும். அந்த இரண்டு நாட்களையும் பிரித்துக் காட்டுவது நீரின் அளவுதான். தெளிந்த வானமுள்ள இரவுக்குப் பிறகு இதற்கு நேர்மாறானது நடக்கும். பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானுக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். வெப்பமானியை நிழலில், மேற்பரப்பை ஒட்டிச் செருகிப் படியுங்கள். வெயில் நேராக அதன் மேல் விழுந்தால் அது சொல்வது பனியின் வெப்பநிலை அல்ல.

நிறங்களும் எண்களும்

1946-இல் சுவீடனில் தொடங்கிய ஸ்விக்ஸ் நிறுவனம் குளிருக்குப் பச்சை, அடுத்து நீலம், ஈரத்துக்குச் சிவப்பு என்று வகுத்த நிறவரிசை இன்று எல்லோருக்கும் பொதுமொழியாகிவிட்டது. இடையில் ஊதா, வெப்ப முனையில் மஞ்சள் என்று அது விரிந்திருக்கிறது. இத்தாலியின் ரோடே, பின்லாந்தின் ரெக்ஸ், வவுஹ்தி, ஸ்டார்ட் எல்லாம் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வருகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்தின் நீலமும் இன்னொன்றின் நீலமும் ஒரே கடினம் கொண்டவை என்று நினைக்காதீர்கள். புதிதாகத் தொடங்குபவர் ஒரே நிறுவனத்தின் வரிசையை வாங்கி, அதன் குணம் கைக்குப் பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

ஸ்விக்ஸின் வி வரிசையை எடுத்துக்கொள்வோம். வி20 பச்சை மைனஸ் 8 முதல் மைனஸ் 15 வரை. வி30 நீலம் மைனஸ் 2 முதல் மைனஸ் 10 வரை. வி40 நீலம் எக்ஸ்ட்ரா மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை. மைனஸ் 5 டிகிரிக்கு எது? வி30-உம் பொருந்துகிறது, வி40-உம் பொருந்துகிறது. டப்பா இதற்கு மேல் உதவாது. கையுறையில் கிளைகள் தெரிந்தால் வி30. மணிகள் தெரிந்தால் வி40. நான் முன்பு சொன்ன அதே மைனஸ் 5-இன் இரண்டு நாட்கள் இவைதான்.

நீலம் எக்ஸ்ட்ராவை நான் மிகவும் நேசிக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு டப்பாவோடு ஒரு பனிக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்றால் அதைத்தான் எடுப்பேன். பந்தயத்துக்குப் போகிறவருக்கு அது போதாது. பச்சை, இரண்டு நீலங்கள், ஊதா ஒன்று, பூஜ்ஜியத்தை ஒட்டிய சிவப்பு ஒன்று, பைண்டர், நீல கிளிஸ்டர், யூனிவர்சல் கிளிஸ்டர் ஆகியவை இருந்தால் பெரும்பாலான காலைகளைச் சமாளிக்கலாம்.

பழைய பெட்டி ஒன்று உங்களிடம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஃபுளோரின் கலந்த மெழுகுகளுக்கான சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தடை 2023-24 பருவம் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தடையுள்ள பந்தயங்களில் ஸ்கீயின் அடிப்பகுதியைச் சோதிப்பார்கள். பழைய டப்பாக்களை மட்டும் ஒதுக்கினால் போதாது. அவற்றோடு பயன்படுத்திய கார்க் (பூசிய மெழுகைத் தேய்த்துச் சமப்படுத்தும் கட்டை), தூரிகை, மெழுகு மேசைத் துணி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எச்சம் அவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

பூசும் முறை

எந்த மெழுகு என்பதற்கு முன் எங்கே பூசுவது என்று தெரிய வேண்டும். சமதளத் தரையில் இரண்டு ஸ்கீகளின் மேலும் நின்று எடையைச் சமமாகப் பகிருங்கள். ஒரு தாளை ஸ்கீக்கு அடியில் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். தாள் தடையின்றி ஓடும் நீளம்தான் உங்கள் பிடிப்பகுதி. பூட்ஸின் குதிகாலிலிருந்து முன்னோக்கி அறுபது, எழுபது சென்டிமீட்டர் வரும். ஆளின் எடையையும் ஸ்கீயின் விறைப்பையும் பொறுத்து மாறும். ஸ்கீயின் பக்கவாட்டில் பேனாவால் குறித்து வையுங்கள். கிளிஸ்டர் தடிமனாக நிற்கும் என்பதால் அதற்கான நீளம் இதைவிடக் குறைவு. அதற்குத் தனிக் குறி போடுங்கள்.

குறிகளுக்கு இடையே 100 முதல் 150 வரையிலான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் மெழுகு நன்றாகக் கவ்வும். மெல்லியதாகப் பைண்டர் ஒரு பூச்சு, இளஞ்சூட்டு இஸ்திரியால் உருக்கி, கார்க்கால் சமப்படுத்தி, முழுவதும் ஆறவிடுங்கள். அதன் மேல் அன்றைய மெழுகு. தடிமனாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக ஐந்து பூச்சு மேல். ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து முடித்த பிறகே அடுத்தது.

கார்க் தேய்ப்பதை அவசரமாக முடிப்பவர்களே அதிகம். இதற்கு நேரம் கொடுங்கள். டப்பாவை நேராகப் பிடித்து இழுத்தால் மெழுகு திட்டுத் திட்டாகப் படியும். கார்க்கைக் குறுகிய வீச்சில், அழுத்தி, வேகமாகத் தேய்க்கத் தொடங்குங்கள். முதலில் கார்க் மெழுகில் சிக்கிச் சிக்கிப் போகும். உராய்வின் சூடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் அந்தச் சிக்கல் சட்டென்று விலகி, கை இலகுவாக ஓடும். திட்டுகள் கரைந்து ஒரே மினுமினுப்பாகிவிட்டது என்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காணலாம். அங்கே நிறுத்துங்கள். தொடர்ந்து தேய்த்தால் போட்டதையே வழித்து எடுப்பீர்கள். முதல் பூச்சுகள் முழு நீளத்துக்கும் போகட்டும், கடைசி ஒன்றிரண்டு பாதத்துக்கு நேர்கீழே மட்டும். உதையின் அழுத்தம் அதிகமாக விழும் இடம் அதுதான்.

பூசியதும் ஸ்கீயை வெளியே வைத்துக் குளிரவிடுங்கள். சூடான அறையிலிருந்து வந்த மெழுகோடு நேராகத் தடத்தில் இறங்கினால் எந்த மெழுகும் பனியைக் கவ்விக்கொள்ளும். அதை வைத்து மெழுகின் மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிறகு சில நூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். வழுக்குகிறதா? உடனே மென்மையான டப்பாவுக்குத் தாவாதீர்கள். அதே மெழுகை இன்னும் இரண்டு பூச்சு போடுங்கள். போதவில்லையென்றால் முன்பக்கமாகச் சில சென்டிமீட்டர் நீட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் ஒரு படி மென்மையானது, அதையும் பாதத்துக்குக் கீழே குறுகலாக. கடினத்தின் மேல் மென்மை நன்றாகப் படியும். மென்மையின் மேல் கடினத்தைத் தேய்க்கப் போனால் இழுபட்டுக் குழம்பும். அதனால் ஐயம் இருக்கும்போது கடினமான பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

பூஜ்ஜியத்தில் பெய்யும் பனி

மெழுகு பூசுபவர்கள் அஞ்சுவது கடுங்குளிருக்கு அல்ல. மைனஸ் 12-இல் பச்சையைப் பூசிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டுக்கொண்டு, புதிதாகப் பனி பெய்துகொண்டே இருக்கும் காலைதான் பரீட்சை. துகள் கூர்மையானது, ஆனால் ஈரமானது. பிடிக்கும் அளவுக்கு மென்மையான மெழுகு எதுவோ, அதில் பனி ஒட்டும். ஒட்டாத அளவுக்குக் கடினமான மெழுகு எதுவோ, அது பிடிக்காது. பாதை வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் இன்னும் மோசம். வெயிலில் ஏறிய ஈரம் நிழலில் மெழுகின் மேலேயே உறையும்.

முதலில் ஊதாவையோ பூஜ்ஜியச் சிவப்பையோ மிக மெல்லியதாக, குறுகலாகப் பூசிப் பாருங்கள். ஒட்டினால் அதன் மேல் நீலத்தை மிக மெதுவாக, ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல் தடவி மூடுங்கள். மென்மையின் மேல் கடினம் கூடாது என்று சொன்னேன். நன்றாகக் குளிர்ந்த மெழுகின் மேல் ஒரு திரையாக மட்டும் போடும் இந்த இடம் அதற்கு விதிவிலக்கு. தொடக்கக் கோட்டில் காத்திருக்கும்போது ஸ்கீயை அசையாமல் வைக்காதீர்கள். முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். நிற்கும்போதுதான் பனி ஒட்டும்.

இவற்றில் எதுவும் உதவாவிட்டால் மெழுகையே விட்டுவிடுங்கள். பிடிப்பகுதியின் அடிப்பரப்பை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, சின்னஞ்சிறு மயிர்போல் எழச்செய்து, பனி ஒட்டாதிருக்க ஒரு தெளிப்பானை அடிக்கும் ஸ்கீக்கு ஜீரோ ஸ்கீ என்று பெயர். பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி இப்புறம் அப்புறம், ஈரமான புதுப் பனியில் அதற்கு இணை இல்லை. வெப்பநிலை இறங்கிப் பனி உலர்ந்துவிட்டால் அதன் பிடி போய்விடும். மெழுகுக்குப் பதிலாகப் பிடிப்பகுதியில் மொஹேர் என்ற ஆட்டுமயிர்ப் பட்டை ஒட்டிய ஸ்கின் ஸ்கீயும் இத்தகைய நாளில் கைகொடுக்கும். வழுக்கலில் கொஞ்சம் இழப்பீர்கள், ஆனால் மெழுகு மாற்றுவதற்காகப் பாதையோரம் நிற்க வேண்டியிராது.

கிளிஸ்டர்

குழாயில் வரும் பிசின் இது. கையில் பட்டால் லேசில் போகாது. அதற்குப் பயந்து பலர் உறைந்த தடத்திலும் டப்பா மெழுகோடு போராடுகிறார்கள். வேண்டாம். இரவில் உறைந்து காலையில் இறுகிக் கிடக்கும் தடத்துக்கு நீல கிளிஸ்டர். அது இளகத் தொடங்கும் நேரத்துக்கு ஊதா. நீர் கோத்த பருமணிப் பனிக்குச் சிவப்பு. எது வரும் என்று தெரியாத நாளுக்கு யூனிவர்சல்.

குழாயைச் சட்டைப் பைக்குள் வைத்தோ ஹீட் கன்னாலோ இளக்குங்கள். ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுப்பள்ளத்தின் இருபுறமும் சிறு சிறு சாய்கோடுகளாகப் பிதுக்கி, இலேசான சூட்டோடு கட்டைவிரலால் மெல்லியதாகப் பரப்புங்கள். பள்ளத்துக்குள் போகக் கூடாது. வெளியே பதினைந்து நிமிடம் குளிரவிடுங்கள். உறைந்த தடத்தின் மேல் இரவில் சிறிது புதுப் பனி தூவியிருந்தால், குளிர்ந்து இறுகிய கிளிஸ்டரின் மேல் நீல டப்பா மெழுகை முன்பு சொன்னபடி திரையாகப் போடலாம். அடியிலுள்ள கிளிஸ்டர் உறைந்த பனியைக் கவ்வும், மேலே உள்ள மெழுகு புதுப் பனியை ஒட்டவிடாது. இதைச் சரியாகச் செய்து முடித்த ஸ்கீயில் ஒரு குழந்தை ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிப் போவதைப் பார்ப்பதைவிட எனக்கு நிறைவளிப்பது எதுவுமில்லை.

பந்தயத்துக்கான முடிவு

சோதனையைப் பாதையின் எளிய ஏற்றத்தில் செய்யாதீர்கள். மிகச் செங்குத்தான ஏற்றத்துக்குப் போங்கள். அதுவும் மூச்சு வாங்கிய நிலையில். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது எல்லோரும் நன்றாக உதைக்கிறார்கள். கடைசிச் சுற்றில் உதை மேலோட்டமாகிவிடும், அப்போதும் பிடிக்க வேண்டும். இரண்டு மெழுகுகளுக்கு இடையே தடுமாறினால் இடக்காலில் ஒன்று, வலக்காலில் ஒன்று பூசி ஒரே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள், கால்களே சொல்லிவிடும்.

தொடக்க நேரத்தையும் கணக்கில் எடுங்கள். உங்களுக்கு முன் நூறு பேர் போயிருந்தால் தடம் மெருகேறி வழுவழுப்பாகியிருக்கும். காலையில் வி30 பிடித்த இடத்தில் அப்போது வி40-உம் இன்னும் தடித்த பூச்சும் தேவைப்படும்.

யார் ஓடப்போகிறார் என்பது கடைசிக் கேள்வி. வலுவான, நுட்பம் தேர்ந்தவருக்குப் பிடியைக் கொஞ்சம் குறைத்து வழுக்கலைக் கூட்டலாம். எடையைச் சரியான கணத்தில் இறக்க அவருக்குத் தெரியும். கற்றுக்கொண்டிருப்பவருக்கு அதைச் செய்யாதீர்கள். வழுக்கலில் இழப்பது சில நொடிகள். பிடி இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் கைகள் மட்டும் உழைத்துப் பாதி வழியில் ஓய்ந்துவிடும்.

நெடுந்தூரப் பந்தயங்களில் பாதையின் வரைபடமே பாதி விடை. சுவீடனின் வாசலோப்பெட் 90 கிலோமீட்டர். தொடங்கியதும் ஒரு நீண்ட ஏற்றம், அதற்குப் பிறகு பெரிய ஏற்றங்கள் குறைவு. அதனால் முன்னணி வீரர்கள் பிடிமெழுகே இல்லாமல் கைக்கோல்களால் மட்டும் உந்தி முடிக்கிறார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் பின்பற்றக் கூடாது. அவர்களின் தோள்வலு வேறு. நார்வேயின் பிர்கெபெய்னர் 54 கிலோமீட்டர். ரேனா பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் ஏறி லில்லெஹாமரில் இறங்குவது, முதுகில் 3.5 கிலோ பையோடு. கீழே உறைந்த தடமும் மேலே காற்றடித்த புதுப் பனியும் ஒரே நாளில் வரலாம். அங்கே தடித்த பைண்டர், அதன் மேல் பல பூச்சு, பையில் ஒரு டப்பா, கார்க், சுரண்டி என்று போவதே அறிவு.

பந்தயம் முடிந்ததும் மெழுகை அன்றே எடுத்துவிடுங்கள். டப்பா மெழுகைச் சுரண்டியால் வழித்து, மீதியைக் கரைப்பானால் துடைக்கலாம். கிளிஸ்டரின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, ஹீட் கன்னால் இளக்கி, காகிதத்தோடு சேர்த்து வழித்தால் கையில் படாமல் வந்துவிடும். கரைப்பான் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருந்த பிறகே அடுத்த பைண்டரைப் பூசுங்கள். ஈரம் தங்கிய பரப்பில் பைண்டர் பிடிக்காது, பாதி ஏற்றத்தில் மேலுள்ள மெழுகையும் சேர்த்து உரித்துக்கொண்டு போய்விடும்.